90 விழுக்காடு நிறைந்த தொட்டி

கோலாலம்பூரில் குப்பை லோரிகள் எங்கே நிற்கின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று திரையில் கவனிப்பதுதான் என் வேலை. எல்லா லோரியிலும் ஜிபிஎஸ் உண்டு. செந்தூல் பக்கம் சில அடுக்குமாடிகளின் பெரிய தொட்டிகளில் சோதனைக்காகச் சென்சாரும் வைத்திருந்தோம். மூடியின் உட்புறமிருந்து ஒலி அலை அனுப்பும். அது குப்பையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கணக்குப் போடும்.

ஒருநாள் மதியம் ஒரு தொட்டி 90 விழுக்காடு என்று சிவப்புக் காட்டியது. நான்தான் வரிசையை மாற்றி லோரியை அங்கே திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் மேற்பார்வையாளர் அண்ணன் போனில் வந்தார்.

"தங்கச்சி, உள்ள ஒண்ணுமே இல்லம்மா. ஃபிரிஜ் வந்த அட்டப் பெட்டிய நெட்டுக்குத்தா நிறுத்தி வச்சிருக்காங்க."

அந்த லோரி போயிருக்க வேண்டியது சாப்பாட்டுக் கடைகளின் பின்சந்துக்கு. அங்கே சென்சார் இல்லை. சாயங்காலம் மழை வேறு கொட்டிவிட்டது. வேலை முடிந்து நானே போய்ப் பார்த்தேன். வாழை இலை, சோறு, மீன்முள் எல்லாம் ஊறிக் கிழிந்த பைகளிலிருந்து பழுப்புத் தண்ணீர் கால்வாய்க்கு ஓடிக்கொண்டிருந்தது. பை ஒன்றைத் தூக்கிய வங்காளதேசத் தம்பி சட்டென்று கையை உதறினான். உடைந்த கண்ணாடி டம்ளர் ஒன்று கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலைக் கிழித்திருந்தது. அண்ணன் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துணியால் சுற்றி, கிளினிக்குக் கூட்டிப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோலாலம்பூரில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். தாள், பிளாஸ்டிக் எல்லாம் தனி. சாப்பாட்டு மிச்சம் மற்ற எஞ்சிய குப்பையோடு போகும். என்னைக் கேட்டால் சிக்கல் தொடங்குவதே அந்த ஈரத்தில்தான். ஈரம் பட்ட தாளும் அட்டையும் பழைய சாமான் கடைக்குக்கூட உதவாது. எஞ்சிய குப்பை எல்லாம் ஜின்ஜாங் பக்கம் தாமான் பெரிங்கினில், குப்பையை வண்டி மாற்றி ஏற்றும் நிலையத்தில் அழுத்தப்பட்டு, பெரிய வண்டிகளில் உலு சிலாங்கூரின் புக்கிட் தாகாரில் குப்பையைப் புதைக்கும் நிலநிரப்புக்குப் போகும். அழுகுவதில் வரும் வாயுவை எடுத்து அங்கே மின்சாரம் தயாரிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனாலும் ஒவ்வொரு சமையலறையிலும் ஈரத்துக்கென்று ஒரு வாளி தனியாக இருந்தால் எவ்வளவோ சுமை குறையும் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்கப்புறம் வரிசையை மாற்றும் முன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன். மேகம் கறுத்தால் சாப்பாட்டுக் கடைச் சந்துகளை முதலில் எடுக்கச் சொல்கிறேன். வீட்டில் ஏதாவது உடைந்தால், நாலு மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே மலாயில் 'காச்சா', அதாவது கண்ணாடி, என்று பெரிதாக எழுதித்தான் வெளியே வைக்கிறேன்.