விண்ணப்பத்தின் அந்த ஒரு கேள்வி

பிரிட்டனின் லெஸ்டர் நகரில் வாழும் என் அக்கா மகன் 14 ஆண்டுகளாக அங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறான். கோலாலம்பூரின் செந்தூலில் பிறந்து வளர்ந்து, பதினெட்டு வயதில் படிக்கப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். சென்ற ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், நாங்கள் அனைவரும் அக்கா வீட்டில் கூடியிருந்தபோது, அவன் தொலைபேசியில் அழைத்தான். கார் ஓட்டக் கற்றுத் தரும் பயிற்றுநராக விரும்புவதாகவும், விண்ணப்பத்தில் ஒரே ஒரு கேள்வியில் கை நின்றுவிட்டதாகவும் சொன்னான். இதுவரை எந்தக் குற்றத்துக்காவது தண்டனை பெற்றதுண்டா என்பதே அந்தக் கேள்வி.

பெற்றிருக்கிறான். 2007இல், இருபது வயதில், இரவு விடுதி ஒன்றின் வாசலில் நடந்த கைகலப்பில் ஒருவருக்குக் காயம் ஏற்படுத்தியதாக அவன்மீது வழக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைக்கு அனுப்பாமல், 120 மணி நேரம் ஊதியமில்லாச் சமூகப் பணி செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கள் குடும்பத்தில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் இது. அன்று அத்தான் மெல்லிய குரலில், "அவ்வளவு பழசை யார் தேடப் போறாங்க? விட்டுடச் சொல்லு" என்றார். அக்கா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். கோலாலம்பூரில் 22 ஆண்டுகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்பதால், பதில் என்னிடமிருந்து வர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பிரிட்டனின் விதியைப் படிக்காமல் பேச எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். பிரிட்டனில் கட்டணம் வாங்கிக்கொண்டு கார் ஓட்டக் கற்பிக்க வேண்டுமானால், டிவிஎஸ்ஏ என்னும் அரசு முகமையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதற்கான நிபந்தனைகளைச் சொல்கிறது. அவற்றில் சில கணக்குப் போட்டு முடிக்கக் கூடியவை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 4 ஆண்டுகளில் ஒரு நாள்கூட ஓட்டும் உரிமை பறிக்கப்பட்ட நிலையில் இருந்திருக்கக் கூடாது. மது அருந்தி ஓட்டியவருக்கு அங்கே குறைந்தது 12 மாதங்கள் உரிமை போய்விடும் என்பதால், அந்த ஒரு இரவு அவரை இந்தத் தொழிலிலிருந்து சுமார் ஐந்து ஆண்டுகள் விலக்கி வைக்கும். இங்கே மலேசியாவில் நாம் கெஜாரா புள்ளிகள் என்று அறிந்திருப்பதைப் போன்ற தவறுப் புள்ளிகள் அங்கும் உண்டு. உரிமத்தில் ஆறு புள்ளிகள் ஏறிவிட்டால், பதிவாளர் பொதுவாக விண்ணப்பத்தை ஏற்பதில்லை.

இவற்றுக்கு அப்பால் உள்ள நிபந்தனைதான் கடினமானது: பதிவேட்டில் பெயர் இடம்பெறத் தகுந்தவராகவும் ஒழுங்கானவராகவும் ஒருவர் இருக்க வேண்டும். இன்ன குற்றம் செய்தவருக்கு இடமில்லை, இன்ன குற்றமென்றால் பரவாயில்லை என்ற பட்டியல் சட்டத்தில் இல்லை. பதிவாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்கிறார். குற்றம் எத்தகையது, எப்போது நடந்தது, அப்போது வயது என்ன, அதன் பிறகு வாழ்க்கை எப்படிப் போனது என்பவற்றை எடைபோடுகிறார். வன்முறை, பாலியல் குற்றம், போதைப்பொருள் ஆகியவை கனமாக நிற்கும். சாலையோடு தொடர்பே இல்லாத மோசடியும் அப்படித்தான், ஏனென்றால் நேர்மையின்மை தொழிலையே தொடுகிறது. 2010இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. நன்றாகக் கற்பிப்பாரா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. பதிவு என்பது அரசின் அங்கீகார முத்திரையைச் சுமப்பதால், அந்தப் பதிவேட்டின்மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும் காக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இதைப் படித்தபோது எனக்கு மறுப்பு எதுவும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்த நம்பிக்கையின் எடையை நான் என் காரிலேயே உணர்ந்திருக்கிறேன். அங்கும் இங்கும் கார் ஓட்டப் பழகத் தொடங்கும் வயது பதினேழுதான். அந்த வயதுப் பெண் பிள்ளையை, முன்பின் அறியாத ஓர் ஆணோடு, கதவு சாத்திய காரில் தனியாக அனுப்பிவிட்டு, அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டில் நின்றபடி கார் ஜாலான் ஈப்போ பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களை நான் பல முறை கண்ணாடியில் கண்டிருக்கிறேன். முதல் வகுப்பில் பின்னிருக்கையில் உட்கார்ந்து வரலாமா என்று கேட்டவர்களும் உண்டு. நான் ஒருபோதும் மறுத்ததில்லை. எந்தச் சாலையில் போவது, எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றையும் பயிற்றுநரே தீர்மானிக்கிறார். பிரேக்கும் அவர் காலடியில் இருக்கிறது. பிள்ளை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இத்தகைய இடத்தில் அமரப் போகிறவரின் பழைய வாழ்க்கையை அரசு கேட்பதில் தவறில்லை. பிரிட்டனில், பொதுமக்களுக்கு ஆபத்து என்று பதிவாளர் கருதினால், ஒரு பயிற்றுநரை உடனடியாக இடைநிறுத்தும் அதிகாரத்தை 2009இல் இயற்றிய ஒரு சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. அது இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அத்தான் சொன்ன யோசனைக்கு வருகிறேன். 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, பெரும்பாலான பழைய தண்டனைகள் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் காலாவதியாகிவிடும். சாதாரண வேலைக்குப் போகிறவர் அவற்றைச் சொல்ல வேண்டியதில்லை. பதின்ம வயதினரோடு பணியாற்றும் பயிற்றுநருக்கு இந்தச் சலுகை முழுமையாகக் கிடைக்காது. டிபிஎஸ் எனப்படும் குற்றப்பதிவுச் சோதனையின் உயர்நிலை வடிவத்துக்கு அவர் உட்பட வேண்டும். அதிலும் ஒரு வடிகட்டல் இருக்கிறது. வயது வந்த பின் பெற்ற தண்டனையானாலும், சிறைத் தண்டனையாக இல்லாமல் 11 ஆண்டுகள் கடந்துவிட்டால் சான்றிதழில் வராது. ஆனால் கடுமையான குற்றங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் வந்தே தீரும். வெறும் கைகலப்புக் குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை, உடற்காயம் ஏற்படுத்திய தாக்குதல் இருக்கிறது. என் மருமகன் தண்டனை பெற்றது இரண்டாவதற்கு. அவன் எழுதாமல் விட்டிருந்தால், சான்றிதழ் ஒன்று சொல்ல, விண்ணப்பம் வேறொன்று சொல்லியிருக்கும். இருபது வயதின் குற்றத்தோடு நாற்பதை நெருங்கும் வயதின் பொய்யும் சேர்ந்து பதிவாளரின் மேசைக்குப் போயிருக்கும்.

நான் அவனை அழைத்து இதைச் சொன்னபோது, அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, எழுதினா அம்மாவுக்கு அவமானமா இருக்காதா?" என்று கேட்டான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா, "எழுதுப்பா, உள்ளதை எழுது" என்று மட்டும் சொன்னார்.

விண்ணப்பத்தோடு அனுப்பிய கடிதத்தை அவன் நான்கு முறை திருத்தினான். முதல் வடிவத்தில், அடிபட்டவர் முதலில் தன்னைத் தள்ளினார் என்று நீளமாக எழுதியிருந்தான். அதை எடுத்துவிடச் சொன்னேன். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் அதைப் பாதியாகப் பங்கு பிரிப்பது போல் இருந்தது. என்ன நடந்தது, என்ன தண்டனை, அதை எப்போது முடித்தான் என்பவற்றையும், 14 ஆண்டுகளில் தவறுப் புள்ளி ஒன்றுகூட ஏறாத உரிமத்தையும் தேதிகளோடு எழுதினான். பேருந்து நிறுவனத்தில் அவன் மேலாளர் ஒரு கடிதம் தந்தார். மறுத்தால் 28 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் குறித்து வைத்துக்கொண்டோம்.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில், நான் வேலை செய்த காலத்தில் இங்கே சந்தித்த இளைஞர்கள் அடிக்கடி நினைவுக்கு வந்தார்கள். ஏதோ ஒரு சண்டையில், ஏதோ ஓர் இரவில் காவல் நிலையம் வரை போனவர்கள், நன்றாக ஓட்டக் கூடியவர்கள், "பேர் கெட்டவனுக்கு யார் வேலை கொடுப்பா?" என்று உறவினர் சொன்ன ஒரு வார்த்தையில் ஆசையைக் கைவிட்டார்கள். விதியை எடுத்துப் படித்து, கேட்க வேண்டிய அலுவலகத்தில் நேரில் போய்க் கேட்டுவிட்டுக் கைவிட்டவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அப்போது நானும் அவர்களுக்குப் படித்துச் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சென்ற மாதம் அவனுக்கு அனுமதிக் கடிதம் வந்தது. பதிவானாலும் கட்டுப்பாடு ஓயாது: புதிதாக ஏதேனும் தண்டனையோ காவல்துறை எச்சரிக்கையோ பெற்றால் 7 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனை மீண்டும் நடக்கும். பதிவாவதற்கு முன் மூன்று தேர்வுகள் இருக்கின்றன. முதல் தேர்வில் 100 கேள்விகளுக்கு 85 சரியாக எழுத வேண்டும், சாலை அபாயங்களைக் காணொளியில் கண்டறியும் பகுதியில் 75க்கு 57 எடுக்க வேண்டும். இரவுப் பணி முடிந்து வந்து படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளி அழைப்பில் நான் கேள்வி கேட்க, அவன் பதில் சொல்கிறான். அக்கா பக்கத்தில் அமர்ந்து, அவனுக்குச் சரியாக வந்தவற்றை ஒரு பழைய நாட்குறிப்பில் எண்ணிக் கொண்டிருக்கிறார்.