செல்லூரில் வாசற்படி அளந்தோம்

மதுரையில் வெள்ளம் என்றால் எல்லாரும் வைகையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அணை 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. ஒதுங்கிக்கொள்ள நேரம் கிடைத்துவிடும். செல்லூர்ப் பக்கம் கதையே வேறு. 2024 அக்டோபர் 25 மதியம் கால் மணி நேரத்தில் 4.5 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு யார் வந்து எச்சரிக்கை கொடுப்பது? கண்மாய் நிறைந்து, பந்தல்குடி கால்வாய் வழியாக வைகைக்குப் போக வேண்டிய தண்ணீர் கட்டபொம்மன் நகர் தெருக்களுக்குள் புகுந்தது.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் எடுப்பவள். அடுத்த வெள்ளம் வந்தால் யாருக்கு, எதற்கு, எவ்வளவு சேதம் என்று முன்கூட்டியே கணக்கெடுக்கப் பிள்ளைகளைச் செல்லூருக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்பது சுலபம். பழைய மழையின் கறை சுவரிலேயே இருக்கிறது, டேப்பை வைத்து அளந்தால் போதும். அந்தத் தண்ணீரில் என்னென்ன மாட்டும், அது எவ்வளவு தாங்கும் என்பதற்குத்தான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

ஒரே தெரு, ஒட்டினாற்போல் இரண்டு வீடு. ஒன்று புதுசு, தெருவைவிட மூன்றடி உயரத்தில் தளம். மற்றது பழைய ஓட்டு வீடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில், வாசலிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். (இந்த ரோடு விஷயத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம், அவ்வளவு ஆத்திரம் இருக்கிறது.) உள்ளே குழித்தறி. தண்ணீர் முதலில் நிறைவதே நெசவாளி கால் வைக்கும் குழியில்தான்.

"பாவு நனைஞ்சுருச்சுன்னா போட்ட கஞ்சியெல்லாம் கரைஞ்சு போயிரும் டீச்சரம்மா. அப்புறம் இழை அறுந்துக்கிட்டே கெடக்கும்" என்றார் அங்கே தறி நெய்யும் பெரியவர். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல். குழி காய்ந்து, புதுப் பாவு ஏற்றும்வரை கூலி கிடையாது.

எங்கள் படிவத்தில் கட்டட மதிப்பு, பொருள் மதிப்பு என்று இரண்டு கட்டம்தான். அதன்படி பார்த்தால் புது வீட்டுக்குத்தான் பெரிய தொகை. ஓட்டு வீடு பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டது. ஒரு மாணவிக்கே அது உறுத்தி, "இது தலைகீழா இருக்கே மேடம்" என்றாள். சரி என்று 'எத்தனை நாள் வேலை நிற்கும்' என ஒரு கட்டம் சேர்த்தோம். அப்புறம், எழுந்து நடக்க முடியாதவர் யாராவது தரைத்தளத்தில் இருக்கிறாரா, கழிவறை வழியாகச் சாக்கடை எதிர்த்து வருமா, கரண்ட் மீட்டர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்தோம். அதிகம் அடிவாங்கும் வீடுகளைக் குறித்த வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் இடம் மாறின. அதே ஆழத் தண்ணீர்தான், ஆனால் அடிவாங்குவது வேறு வீடுகள்.

கறை மட்டத்துக்குக் கீழே மீட்டர் இருக்கும் வீடுகளை முதலில் சரிசெய்யலாம், ஐப்பசிக்குள் முடிகிற வேலை என்று நினைத்தோம். பெரியவர் வீட்டு மீட்டர் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அவர் வாடகைக்கு இருப்பவர். மேலே ஏற்ற வேண்டுமென்றால் வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் கே.கே. நகரில் மாடியில் குடியிருக்கிறார், "மழை வரட்டும், பாத்துக்கலாம்" என்கிறார்.