தாளை இழுக்காத பிரிண்டர்

ஐப்பசி அடைமழை தொடங்கிய வாரத்தில் எங்கள் வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர் தாளை இழுக்க மறுத்தது. பின்பக்க டிரேயில் முப்பது தாள்கள் இருந்தும், தாள் இல்லை என்ற செய்தியே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. பழுது பார்ப்பவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டதில், மோட்டாரோ பல்சக்கரமோ போயிருக்கும், அதற்குச் செலவழிப்பதைவிடப் புதியதே வாங்கிவிடலாம் என்றார். ஆனால், ஒவ்வொரு முறையும் உருளை சுழலும் சத்தம் தெளிவாகக் கேட்டது. தாள் மட்டும் அசையவில்லை. குறை மோட்டாரில் அல்ல, பிடிமானத்தில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியதால் நானே திறந்து பார்த்தேன்.

டிரேயில் நடப்பது உராய்வுகளுக்கு இடையிலான போட்டி. ரப்பர் உருளை முதல் தாளை முன்னே தள்ளுகிறது. அதன் எதிரே இருக்கும் சிறிய பட்டை அடுத்த தாளைப் பின்னே பிடித்து நிறுத்துகிறது. தாளின் மீது உருளைக்கு இருக்கும் பிடி எல்லாவற்றிலும் வலுவாகவும், தாளுக்கும் தாளுக்கும் இடையிலான உராய்வு எல்லாவற்றிலும் குறைவாகவும், பட்டையின் பிடி இரண்டுக்கும் நடுவிலும் இருந்தால்தான் ஒரு நேரத்தில் ஒரு தாள் மட்டும் உள்ளே போகும். உருளை வழுக்கினால் தாளே நகராது. பட்டை தேய்ந்தால் மூன்று நான்கு தாள்கள் சேர்ந்து போய்ச் சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டுத் தடுப்பு தாளின் விளிம்போடு ஒட்டி நிற்காவிட்டால் தாள் கோணலாகப் போகும். தொல்லை எந்த வகை என்று கவனித்தாலே எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தபோது, உருளையின் ரப்பர் தேய்ந்துபோன செருப்பின் குதிகால் போல வழவழவென்று மின்னியது. பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டுச் சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து துடைத்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும் என்பதால் வடிகட்டிய குடிநீரைத்தான் பயன்படுத்தினேன். முதல் துடைப்பிலேயே துணியில் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அது தாளின் தூள். தாள் செய்யும்போது நிரப்புப் பொருளாகச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட்டும் நாரும் சேர்ந்த மாவு. உருளையைச் சிறிது சிறிதாகத் திருப்பி, துணியில் வெள்ளை போய்ச் சற்றே கருமை ஒட்டும்வரை துடைத்து, கால் மணி நேரம் காயவிட்டேன். இந்த வேலைக்குக் கைகழுவும் சானிடைசரை எடுக்க வேண்டாம். அதில் சேர்க்கும் கிளிசரின் ரப்பர்மீது படிந்து இன்னும் வழுக்கச் செய்யும்.

அதே டார்ச் வெளிச்சத்தில், டிரேயின் அடியில் என் மகளின் பென்சில் சீவல் ஒன்றும், விரல் நகம் அளவுள்ள தாள் கிழிசல் ஒன்றும் கிடந்தன. தாள் வந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே ஒரு சிறு பிளாஸ்டிக் நெம்புகோல் இருக்கும். இத்தகைய கிழிசல் அதில் மாட்டினால், எதுவும் சிக்காதபோதே பிரிண்டர் சிக்கியதாகச் சொல்லும். சிக்கிய தாளைப் பதற்றத்தில் ஒற்றைக் கையால் வெடுக்கென்று இழுப்பதால்தான் இந்தக் கிழிசல்கள் உண்டாகின்றன. இரண்டு கைகளாலும், இயன்றவரை தாள் போகும் திசையிலேயே, மெதுவாக இழுக்க வேண்டும்.

உருளை சுத்தமான பிறகும் இரண்டாவது தாள் தயங்கியது. அதற்குக் காரணம் மழைதான். டிரேயில் வாரக்கணக்கில் கிடந்த தாள்கள் ஈரத்தைக் குடித்து, ஓரம் அலையலையாக நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள, தாள் ஒன்றின் எடை வெறும் 5 கிராம்தான். அவ்வளவு இலேசான பொருளுக்குச் சிறிது ஈரமே பெரிய சுமை. நெளிந்தவற்றைக் குழந்தைகளின் கிறுக்கலுக்கு ஒதுக்கிவிட்டுப் புதுக்கட்டைப் பிரித்து, இருபது தாள்களை மட்டும் சீட்டுக்கட்டு போல விசிறி, ஓரத்தை மேசையில் தட்டி நேராக்கி வைத்தேன். மீதியை உறையோடு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இருபது தாள்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. தடித்த வாழ்த்து அட்டைகள் மட்டும் இன்னும் சில நேரம் இரண்டு சேர்ந்தே போகின்றன. அது பட்டையின் தேய்மானம். எங்கள் மாடலுக்கான பட்டை கிடைக்கும்வரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் வைத்துக்கொண்டிருக்கிறேன்.