கேட்காத இடத்தில் ஒரு கோடு

போன மாதம் அப்பாவுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மருத்துவமனை வராந்தாவிலேயே நின்று படித்தேன். கண் நேராக, இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவைச் சொல்லும் இ.எஃப். எண்ணுக்குப் போனது, 58 என்று இருந்தது, அப்பாடா என்று அதோடு மடித்து வைக்காமல் கீழே இறங்கி, இதயச் சுவரின் அசைவு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், வால்வு பற்றி என்ன, மேலே இருக்கும் எண்ணும் கீழே முடிவில் இருக்கும் வாக்கியமும் ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பார்த்தேன். தம்பி பக்கத்தில் நின்று, "என்னக்கா, டாக்டர் மாதிரி படிக்கிறே?" என்றான். டாக்டர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டு ஒன்பது வருடம் டைப் அடித்தவள் இப்படித்தான் படிப்பாள் என்று அவனிடம் சொல்ல அப்போது நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

2003-இல் விலங்கியல் பட்டத்தோடு சென்னைக்கு வந்து, கோடம்பாக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கி, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் பயிற்சியில் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் அறிவியல் பட்டம் படித்து, ஆங்கிலம் ஓரளவு வரும் என்றால் எங்களைப் போன்ற பெண்களுக்குச் சென்னையில் திறந்த கதவுகளில் இதுவும் ஒன்று. ஆறு மாதம் உடற்கூறியல், கிரேக்க லத்தீன் வேர்ச்சொற்கள், மருந்துப் பெயர்கள், அப்புறம் காது. காதுக்குத்தான் பயிற்சி அதிகம். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் போனிலோ சின்ன ரெக்கார்டரிலோ பேசிவிடுவார். அங்கே மாலை ஐந்து மணி என்றால் நமக்குப் பின்னிரவு. அந்த ஒலிக்கோப்பு எங்களிடம் வரும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஃபுட் பெடலை மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும், பின்பக்கம் மிதித்தால் இரண்டு விநாடி பின்னுக்குப் போகும், கை மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. எத்தனை வரியோ அத்தனைக்குச் சம்பளம்.

எனக்கு வாய்த்தது கார்டியாலஜி அக்கவுண்ட், அதாவது இதய டாக்டர்களின் கோப்புகள். முதல் மாதம் அழுதேன், பொய்யில்லை. பொது மருத்துவத்தில் இருமல், காய்ச்சல், வயிற்று வலி என்று ஒரு தரையாவது காலுக்குத் தட்டுப்படும். ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குக் குழாய் விட்டுப் பார்க்கும் கேத் ரிப்போர்ட் அப்படி இல்லை. வலது தொடை இடுக்கைச் சுத்தம் செய்து, செல்டிங்கர் முறையில் ஊசி குத்தி, 6 ஃப்ரெஞ்ச் அளவுள்ள ஷீத் என்ற உறைக்குழாயை ஏற்றி, இடது பக்கத்துக்கு ஜட்கின்ஸ் லெஃப்ட் 4, வலது பக்கத்துக்கு ஜட்கின்ஸ் ரைட் 4, இதயத்தின் கீழறையான வென்ட்ரிக்கிளுக்குள் போக பிக்டெயில் என்று குழாய் குழாயாக டாக்டர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார், அவருக்கு இது அன்றைக்கு ஆறாவது கேஸ், எனக்கு வாழ்க்கையில் முதல் கேஸ். செல்டிங்கர் என்பவர் 1953-இல் அந்த முறையை எழுதிய ஸ்வீடன் நாட்டு ரேடியாலஜிஸ்ட் என்றும், ஒரு ஃப்ரெஞ்ச் என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு என்றும், பிக்டெயில் என்று ஏன் பெயர் வந்தது என்றால் அந்தக் குழாயின் நுனி பன்றி வால் போலச் சுருண்டிருக்கும் என்றும் தேடித் தேடித் தெரிந்துகொண்ட பிறகுதான் காது திறந்தது. பொருள் தெரியாத சொல் காதில் விழாது. இதை நான் பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் துறையில் பழகப் பழக ஒரு அழகு தெரியும். இதயத்தின் தமனிகளுக்கு ஒரு ஊர் வரைபடம் மாதிரி இருக்கிறது. லெஃப்ட் மெயின் என்ற இடது பக்கப் பெரிய தமனி இரண்டாகப் பிரிந்து எல்.ஏ.டி., சர்கம்ஃப்ளெக்ஸ் என்று போகும், எல்.ஏ.டி.யிலிருந்து டயகனல் கிளைகள், சர்கம்ஃப்ளெக்ஸிலிருந்து மார்ஜினல் கிளைகள். வரைபடம் மனதில் இருந்தால், "முதல் டயகனலுக்கு அடுத்து 90 சதவீத அடைப்பு" என்று சொல்லும்போது டாக்டர் எந்தத் தெருவில் நின்று பேசுகிறார் என்று தெரிந்துவிடும். எல்.ஏ.டி. பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது காதில் "மார்ஜினல்" என்று விழுந்தால், ஒன்று டாக்டர் தவறிச் சொல்லியிருக்கிறார், இல்லை நாம் தவறிக் கேட்டிருக்கிறோம். அங்கே கால் தானாகப் பின்னுக்கு மிதிக்கும்.

சேர்ந்து எட்டு மாதம் இருக்கும், இதய செயலிழப்புக்காக அட்மிட் ஆன ஒருவரின் கன்சல்ட் நோட் வந்தது. டாக்டர் எதையோ மென்றுகொண்டே பேசுகிறார், பின்னால் மருத்துவமனை ஒலிபெருக்கியில் யாரையோ அழைக்கிறார்கள். இ.எஃப். எண் வந்த இடத்தில் அந்த ஒலிபெருக்கிச் சத்தம் சரியாக மேலே விழுந்தது. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இ.எஃப்., 55-லிருந்து 70 வரை இருந்தால் நல்லது. 50 என்றால் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். 15 என்றால் அந்த மனிதர் படுத்துத் தூங்கக்கூட முடியாமல் மூச்சிரைத்துக்கொண்டிருப்பார். நான்கு முறை கேட்டேன். கவனமான டாக்டர்கள் ஃபிஃப்டீன் என்றதும் கூடவே "ஒன் ஃபைவ்" என்று பிரித்துச் சொல்வார்கள், இவர் சொல்லவில்லை. அன்றைக்கு வரிக்கணக்கு குறைவாக இருந்தது, மணி நாலு. 50 என்று அடித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

மறுநாள், நாங்கள் அடித்ததைச் சரிபார்க்கும் எடிட்டர் அக்கா கூப்பிட்டு, தன் ஹெட்போனை என் காதில் வைத்தார். மறுபடியும் எனக்கு 50 என்றுதான் கேட்டது. அவர் திரையில் கீழே விரலை வைத்தார். மூச்சுத் திணறல் மூன்றாம் நிலை, இடது வென்ட்ரிக்கிளின் இயக்கம் மிகக் கடுமையாகக் குறைந்திருக்கிறது, இதயத்துடிப்பு தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரை உடலுக்குள் பொருத்துவது பற்றிக் குடும்பத்தாரிடம் பேசினேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையெல்லாம் அடித்ததும் நான்தான். இ.எஃப். 35-க்கோ அதற்குக் கீழோ இறங்கினால்தான் பொதுவாக அந்தக் கருவியைப் பற்றி யோசிப்பார்கள், 50-இல் அந்தப் பேச்சே வராது.

"ரெண்டையும் சேத்துப் படிச்சியாம்மா?" என்றார். திட்டவில்லை. "புரியலன்னா கோடு போட்டுடு. கோடு இருந்தா டாக்டர் நின்னு பாப்பார். நீயா நெரப்பிட்டா அப்புறம் அந்த எடத்த யாரும் பாக்க மாட்டாங்க."

கோடு என்று அவர் சொன்னது பிளாங்க். கேட்காத சொல்லின் இடத்தில் அடிக்கோடு இழுத்து, ஒலிக்கோப்பில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறிப்புப் போட்டு விடுவது. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் எங்கள் இடத்தில் பிளாங்க் அதிகம் விட்டால் கோப்பு மறுபடி எடிட்டிங்குக்குப் போகும், வரிக்கான பணம் குறையும், மாதக் கடைசியில் பட்டியலில் உன் பெயருக்கு நேரே அந்த எண்ணிக்கை நிற்கும். கோடு போடாதே, எதையாவது நிரப்பு என்று யாரும் வாயால் சொன்னதில்லை. சம்பளம் சொல்லும். இதை இன்றைக்கும் கோபத்தோடுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பட்டியலுக்குப் பயந்து நிரப்பியவர்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை, வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள்.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது, எங்கள் துறையில் இருந்த எல்லோரும் அதைப் படித்தோம். நீரிழிவு இருந்த ஒரு பெண்மணியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் லெவெமிர் இன்சுலின் 8 யூனிட் என்று இருக்க வேண்டியது 80 யூனிட் என்று அடிக்கப்பட்டிருந்தது, அடித்த வேலை இந்தியாவுக்கு அவுட்சோர்ஸ் ஆகியிருந்தது, அடுத்துப் போன மறுவாழ்வு மையத்தில் அந்தச் சம்மரியை வைத்துத்தான் மருந்து கொடுத்தார்கள். அவர் இறந்துபோனார். 14 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது ஜூரி. தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அன்றிரவு முழுவதும் அந்த ஒரு பூஜ்யம்தான் கண்ணில் நின்றது, நானும் என் காலத்தில் எத்தனை ஆயிரம் பூஜ்யம் அடித்திருப்பேன் என்று.

பூஜ்யத்துக்கு எங்கள் வேலையில் தனிச் சட்டமே உண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன் 2004-இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. யூனிட் என்பதற்கு யூ என்ற ஒற்றை எழுத்தைப் போடக் கூடாது, எண்ணுக்குப் பக்கத்தில் அது பூஜ்யமாகத் தெரியும். 5 மில்லிகிராம் என்பதை 5.0 என்று எழுதக் கூடாது, புள்ளி மங்கினால் 50. அரை மில்லிகிராம் என்றால் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம். மருந்துப் பெயரும் இப்படித்தான். இதயச் செயலிழப்புக்குத் தரும் லேசிக்ஸும் வயிற்று அமிலத்துக்குத் தரும் லோசெக்கும் குழம்பிக் குழம்பி, கடைசியில் 1990-இல் அமெரிக்காவில் லோசெக்கின் பெயரையே பிரைலோசெக் என்று மாற்றினார்கள். நான் வேலையை விட்ட பிறகும் 2016-இல் ஒரு மனச்சோர்வு மருந்துக்குப் பெயர் மாறியது, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் பிரிலின்டாவோடு பிரின்டெலிக்ஸ் குழம்பியதால் அது டிரின்டெலிக்ஸ் ஆனது. சொல்ல வருவது, காது ஏமாறுவது சோம்பேறிகளுக்கு மட்டும் நடப்பதில்லை.

கார்டியாலஜியில் ஆள் குறைந்தால் மற்ற அக்கவுண்டுகளுக்கும் போவேன். ஆர்த்தோ டாக்டர்கள் ரயில் வேகம், ஆனால் ஒரே பாட்டுத்தான், நாலு கேட்டால் ஐந்தாவது வந்துவிடும். கை கால் உடலை விட்டு விலகுகிறதா, உடலை நோக்கி வருகிறதா என்று சொல்லும்போது அப்டக்‌ஷனா அடக்‌ஷனா என்று குழப்பம் வரும் என்று நல்ல டாக்டர்கள் "ஏ பி" டக்‌ஷன், "ஏ டி" டக்‌ஷன் என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள். ரேடியாலஜி சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும். சைக்கியாட்ரிதான் கஷ்டம். சொற்கள் எளிது, ஆனால் ஒருவர் தன் பிள்ளையை இழந்ததை அவர் வாயால் சொன்னபடியே டாக்டர் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும், நடுவில் பெடலை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வந்த இரவுகள் உண்டு. யார், எந்த ஊர் என்று வெளியே மூச்சு விடக் கூடாது, நோயாளியின் தகவலைக் காக்க 1996-இல் அமெரிக்காவில் வந்த ஹிப்பா சட்டம் பயிற்சியின் முதல் வாரத்திலேயே மனப்பாடம். அதனால் அந்தக் கதைகள் எல்லாம் என்னோடுதான் இருக்கின்றன.

ஒருமுறை ஒரு கார்டியாலஜிஸ்ட், நல்ல அமெரிக்க உச்சரிப்போடு பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் யாரோ கதவைத் திறந்திருக்க வேண்டும், "சரி சரி, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்குப் போனார். கோப்பை நிறுத்தி பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அந்த நான்கு சொல்லை மட்டும் இருவரும் இரண்டு முறை கேட்டோம். அதிகாலை மூன்று மணிக்கு அது எவ்வளவு இனித்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

2009-க்குப் பிறகு அமெரிக்க அரசு மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கு ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பித்ததும் வேலை மெல்ல மாறியது. டாக்டர்களே டெம்ப்ளேட்டில் டிக் அடித்தார்கள், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது, எங்களை எடிட்டர் என்று அழைத்து வரிக்கான பணத்தைக் குறைத்தார்கள். என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர், நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங்குக்குப் போனார்கள், சிலர் கல்யாணம், குழந்தை என்று நின்றார்கள், நானும் 2012 முடியும்போது நின்றேன்.

மென்பொருள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2018-இல் வந்த ஓர் ஆய்வு என் மனதில் நிற்கிறது. டாக்டர்கள் பேசி மென்பொருள் அடித்த 217 குறிப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மென்பொருள் அடித்தபடியே இருந்தபோது 100 சொல்லுக்கு 7-க்கு மேல் பிழை, டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் பார்த்த பிறகு 0.4, டாக்டர் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3. பிழையில் பெரும்பகுதியைத் துடைத்தது யார் என்று அந்த எண்களே சொல்கின்றன. 2024-இல் விஸ்பர் என்ற பேச்சுணர் மென்பொருளைச் சோதித்த ஆராய்ச்சியாளர்கள், கிட்டத்தட்ட நூற்றில் ஓர் ஒலித்துண்டில் யாருமே பேசாத வாக்கியங்களை அது எழுதியிருந்ததைக் கண்டார்கள். அது டாக்டர்களின் டிக்டேஷனை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, ஆனாலும் பேச்சில் மௌனம் நீளும் ஆட்களிடம் அது கூடுதலாக நடந்தது என்று படித்தபோது எடிட்டர் அக்காவின் குரல்தான் காதில் கேட்டது. மௌனத்தை மௌனமாக விட அதற்கு யாரும் கற்றுத் தரவில்லை.

கடைசியாக ஒன்று. ஸ்டென்ட் வைத்த ரிப்போர்ட் ஒன்றில் ஸ்டென்ட்டின் விட்டம் எனக்குக் கேட்கவே இல்லை, 2.5-ஆ 3.5-ஆ என்று எத்தனை முறை மிதித்தும் தெரியவில்லை. ரத்தக்குழாயின் அளவை அவர் வேறு எங்கேயும் சொல்லவில்லை, சேர்த்துப் படிக்கவும் வழியில்லை. கோடு போட்டு, விநாடியைக் குறித்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அதே டாக்டரின் வேறொரு கோப்பு என்னிடம் வந்தது. நோயாளியின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை அடிப்பவருக்கு ஒரு வார்த்தை, அன்றைக்கு விட்டிருந்த இடத்தில் மூன்று புள்ளி ஐந்து, கேட்டதற்கு நன்றி என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள், எண் வரும்போதெல்லாம் இரண்டு தடவை சொன்னார்.