36 எலிகளுக்கு அனுமதி கேட்ட கதை

மனச்சோர்வு பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்கு விஸ்டர் என்ற ஆய்வக இன எலிகள் 48 வேண்டும் என்று விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுமதி கோரும் படிவம் பி-யைக் கொடுத்தபோது, அதை ஓர் அலுவலகச் சடங்காகவே நினைத்திருந்தேன். துறையில் எனக்கு முன் பட்டம் பெற்றவர்களின் படிவங்களை வாங்கி, தலைப்பையும் பெயரையும் மாற்றி நிரப்பியிருந்தேன் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்காய்வைத் தடை செய்யவில்லை. தன் நான்காம் அத்தியாயத்தில் அதைக் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. எலி போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவனத்தின் குழுவே அனுமதி தரலாம் என்றாலும், விலங்காய்வைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ. நியமித்த பிரதிநிதி வராமல் கூட்டம் நடத்த முடியாது. அவர் வர இயலாமல் எங்கள் கூட்டம் இருமுறை தள்ளிப்போனது. உதவித்தொகை மாதங்கள் கரைந்துகொண்டிருந்த அந்த நான்கு மாதக் காத்திருப்பில் நான் குழுவைத் திட்டாத நாளில்லை.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைப் படிவத்தின் ஒரு கேள்விதான் எனக்குக் காட்டியிருக்க வேண்டும். வலி தரும் செயல்முறையாக இருந்தால் என்ன மயக்கமருந்து, என்ன வலிநிவாரணி தருவீர்கள் என்று அது கேட்கிறது. அறுவை சிகிச்சை செய்பவருக்கு அதில் எழுத ஏதாவது இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு எதுவும் இல்லை. கூண்டில் பரப்பிய உமியை நனைத்து வைப்பதும், கூண்டைச் சாய்த்து வைப்பதும், இரவு முழுக்க விளக்கை எரியவிடுவதுமாக வாரக்கணக்கில் எலியை வாட்டி, அது சோர்ந்துவிட்டதா என்று பார்ப்பதே என் ஆய்வு என்பதால், துன்பத்தை நீக்கிவிட்டால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கேள்விக்கு நேரே நான் 'பொருந்தாது' என்று எழுதியிருந்தேன்.

கூட்டத்தில் முதலில் எடுக்கப்பட்டது கட்டாய நீச்சல் சோதனை. தப்பிக்க வழியில்லாத நீர் உருளையில் எலியை விட்டு, அது நீந்துவதை நிறுத்தி அசையாமல் மிதக்கும் நேரத்தை அளக்கும் இம்முறையை போர்சோல்ட் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 1977-இல் அறிமுகப்படுத்தினார்கள். மிதப்பதை அவர்கள் விரக்தி என்று பொருள்கொண்டார்கள். வெளி நிறுவனத்திலிருந்து வந்திருந்த உறுப்பினர், "மிதந்தால் மூழ்க மாட்டோம் என்று எலி கற்றுக்கொண்டு தன் பலத்தைச் சேமிக்கிறது என்று ஏன் சொல்லக் கூடாது?" என்று கேட்டார். அந்த விவாதம் ஆய்விதழ்களில் நடந்துகொண்டிருந்ததை நான் படித்திருந்தேன். படித்தும் சோதனையைச் சேர்த்திருந்தேன், ஏனென்றால் எல்லோரும் சேர்த்திருந்தார்கள். சோதனையை நீக்கினார்கள். (பின்னர் 2024-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதைச் சட்டத்தாலேயே தடை செய்தது.)

அடுத்து எண்ணிக்கை. எலிகளைப் பிரித்த நான்கு குழுக்களில் ஒவ்வொன்றுக்கும் 12 ஏன் என்றதற்கு, முந்தைய ஆய்வேட்டில் 12 இருந்தது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. புள்ளியியல் ஆசிரியரிடம் அனுப்பினார்கள். கணக்கிட்டபோது குழுவுக்கு 9 போதும் என்று வந்தது. விலங்காய்வுக்கென ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த மூன்று கோட்பாடுகளில் ஒன்றான 'குறைத்தல்', அதாவது விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, என்பதைத் தேர்வில் மனப்பாடமாக எழுதியவன் நான். 12 எலிகள் காகிதத்தில் மறைந்தபோதுதான் அது எனக்கு விளங்கியது.

ஆனால் என்னைத் தடுமாறச் செய்தவர் அறிவியலாளர் அல்லாத உறுப்பினராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஆய்வு முடிந்ததும் எலிகளை மயக்கமருந்தின் மிகையளவால் கொல்வதாக எழுதியிருந்தேன். "தம்பி, மூளையை எடுத்து ஏதாவது பார்க்கப் போறீங்களா?" என்றார். இல்லை, நடத்தையை மட்டும்தான் பார்க்கிறோம் என்றேன். "அப்போ எதுக்குக் கொல்றீங்க?" என்றார். என் வழிகாட்டி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். எலிகளைக் கொல்லாமல் ஆய்வுக்குப் பின்னும் வைத்துப் பராமரிக்கும் செலவை ஆய்வுச் செலவிலேயே சேர்த்து எழுதிவர வேண்டும் என்று முடிவானது.

நீச்சலுக்குப் பதிலாக இனிப்புநீர் விருப்பச் சோதனையை வைத்துக்கொண்டேன். ஒரு புட்டியில் வெறும் நீர், மற்றொன்றில் 1 சதவீதச் சர்க்கரைநீர். சோர்ந்த எலி இனிப்பை நாடுவது குறையும் என்பது கணக்கு. அதற்கு முன் ஒரு நாள் தண்ணீர் கொடுக்காமல் வைக்கும் வழக்கத்தையும் கால்நடை மருத்துவர் விடவில்லை. தாகத்தில் குடிப்பதையும் ஆசையில் குடிப்பதையும் எப்படிப் பிரிப்பாய் என்றார். நெறிமுறைக்காகக் கேட்ட கேள்வி என் அளவீட்டையும் திருத்திவிட்டது. சோதனையைத் தொடங்குமுன் ஒரு வாரம் எலிகளைக் கையில் எடுத்துப் பழக வேண்டும், வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனைதான்.

திருத்திய படிவத்தில் இறுதியாகச் சேர்த்தது விலக்கும் எல்லை: 15 சதவீத எடை குறைந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும். எழுதும்போது அது தேவைப்படாது என்றே நினைத்தேன். மூன்றாம் வாரத்தில் ஒரு காலை, வாலில் இரண்டு கோடு போட்ட எலியின் கண்ணோரமும் மூக்கும் இரத்தம் வடிந்தது போலச் சிவந்திருந்தன. அது இரத்தமன்று, அழுத்தத்திலும் நோயிலும் எலியின் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பி மிகுதியாக வெளியிடும் போர்ஃபிரின் என்ற நிறமி. தராசில் வைத்தேன். 14 சதவீதம். மறுநாள் எல்லையைத் தாண்டிவிடும் என்று தெரிந்தும், இன்னும் ஒரு நாள் இருக்கிறதே, ஒரு தரவு மிஞ்சுமே என்று மனம் கணக்குப் போட்டதை நான் மறக்கவில்லை.

அன்று மாலையே அதை எடுத்துக் காய்ந்த உமி போட்ட கூண்டுக்கு மாற்றினேன். அந்தக் குழுவில் எட்டுதான் மிஞ்சியது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அட்டவணையைப் பார்த்து, மற்ற மூன்றிலும் ஒன்பது இருக்க இங்கே மட்டும் ஏன் எட்டு என்று கேட்டார். அடிக்குறிப்பைக் காட்டினேன். படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.