கேத்திப் பள்ளத்தாக்கில் பதினொரு வீடு

2009 நவம்பர் 10, செவ்வாய்க்கிழமை. அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கேத்தியில் பெய்தது 82 செ.மீ. மழை என்பதைப் பிறகு செய்தியில்தான் தெரிந்துகொண்டோம். அந்த இரவில் எங்களுக்குத் தெரிந்தது தகரக் கூரையின் சத்தம் மட்டும். விடிந்து பார்த்தால் எதிர்ச்சரிவில் தேயிலையைக் கிழித்துக்கொண்டு செம்மண் கோடு ஒன்று இறங்கியிருந்தது. அந்தக் கோடு முடிந்த இடத்தில் முந்தின நாள் வரை வீடுகள் இருந்தன.

நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதியவன். அப்போது எங்கள் கிறிஸ்தவச் சபையின் பொருளாளர். அந்த வேலைக்கு யாரும் போட்டியிடுவதில்லை. காணிக்கையை எண்ணி வங்கியில் கட்டிவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை தணிக்கைக்குக் கொடுத்தால் முடிந்தது. அந்த மழைக்குப் பிறகு மூன்று வருடம் அதுவே என் முழுநேர வேலையாகிவிட்டது. இப்போது எங்காவது வெள்ளம், சரிவு என்றால் இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, "எப்படிச் செஞ்சீங்க அங்கிள்?" என்று கேட்கிறார்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது தானாகவே நடந்தது. ஆராதனை முடிந்து டீ குடிக்கிற ஹாலைத் திறந்துவிட்டோம். சபை விருந்தான அசனத்துக்கு வைத்திருந்த அண்டாக்களை இறக்கினோம். கரண்ட் இல்லை, போன் இல்லை. குன்னூர் மலைப்பாதை, கோத்தகிரி மலைப்பாதை இரண்டிலும் மண் விழுந்துகிடந்தது. மலை ரயில் தண்டவாளம் சில இடங்களில் கீழே மண்ணில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய கேரட்டும் முட்டைக்கோசும் போக வழியில்லாமல் தோட்டத்திலேயே நின்றன. பாலாடா பக்கத்து விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஹால் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் கேரட்தான். இன்றைக்கும் என் மனைவி கேரட் பொரியல் வைத்தால் அந்த ஹாலின் ஈரக் கம்பளி வாடை வந்துவிடும். பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் கிராமத்திலிருந்து, பெண்கள் பெரிய பாத்திரங்களில் சாதமும் உருளைக்கிழங்குக் குழம்பும் சுமந்துகொண்டு நடந்தே வந்தார்கள். யார் வீட்டார், எந்தச் சாமி என்று அந்த வாரம் ஒருவரும் கேட்கவில்லை.

கேள்விகள் இரண்டாம் வாரம் ஆரம்பித்தன. வழி திறந்ததும் கீழிருந்து லாரிகள் வந்தன, எல்லாம் துணி. நல்ல மனதோடு அனுப்பியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நவம்பர் மாத ஊட்டிக் குளிரில் மெல்லிய வாயில் துணிச் சேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாற்பது மூட்டை பிரித்ததில் ஸ்வெட்டர் நான்கே நான்கு. எங்களுக்குத் தேவைப்பட்டது கம்பளி, தார்ப்பாய், மண்வெட்டி, கம்பூட், பெண்களுக்கான நாப்கின். அடுத்து போன் செய்தவர்களிடம் இந்த ஐந்தைத்தான் சொன்னோம். "துணி வேண்டாம்" என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகுதான் வேண்டியது வந்தது.

அப்புறம் ஜெபம். பொருள் கொடுக்குமுன் ஒரு சின்ன ஜெபம் செய்யலாம் என்றார் கமிட்டியில் ஒருவர். ஹாலில் தங்கியவர்களில் பாதிக்கு மேல் சபைக்கு வெளியே உள்ளவர்கள். எங்கள் ஊரில் இதற்கு ஒரு பழைய நிழல் உண்டு. 1840களில் இங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்களை இங்கே அழைத்து, தன் சொத்தையும் அவர்களுக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த மிஷனால் படித்தவர்களும் உண்டு, அதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களும் உண்டு. இரண்டு நினைவும் இன்னும் இருக்கிறது. கமிட்டியில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். எங்கள் ஆயர் இளவயது, அதிகம் பேசமாட்டார். கடைசியில், "கியூவுல நிக்கிறவன் கையக் கூப்பினா அது ஜெபமில்லீங்க ஐயா, பசி" என்றார். வழங்குகிற இடத்தில் ஜெபம் வேண்டாம், விரும்புகிறவர்கள் மாலையில் கோயிலுக்கு வரட்டும் என்று முடிவானது. ஒரு கமிட்டி உறுப்பினர் அதற்காக ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. முடிவெடுத்தது ஆயர், கோபம் என்மேல்.

மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த மழையில் இறந்தார்கள். ஹாலில் இருந்தவர்களில் இரண்டு குடும்பம் ஆளையும் இழந்திருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

வீடு கட்டித் தருவது என்று டிசம்பரில் முடிவெடுத்தோம். அந்த வருடம் கிறிஸ்துமஸ் அலங்காரமில்லை, வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸில் கிடைத்த பணம் முழுவதும் கட்டட நிதிக்கு. ஒரு பச்சை அட்டை நோட்டில் பெயர் எழுத ஆரம்பித்தேன். முதல் நாள் 34 பெயர். "சர்ச்சுல வீடு குடுக்கிறாங்க" என்ற பேச்சு பரவியதும் 71. சுவரில் விரிசல் விட்டவர், அடுப்படி மட்டும் போனவர், கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகனுக்காக எழுதச் சொன்னவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மழை எல்லாரையும்தான் பயமுறுத்தியிருந்தது.

இந்த இடத்தில் நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், பட்டியலை நாங்களே முடிவு செய்யாமல் விட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஹட்டியின் ஊர்ப்பெரியவர் ஒருவர், நான். மூவரில் நான் மட்டும்தான் சபை ஆள். ஒவ்வொரு வீடாக நடந்தோம். கேட்டது இரண்டே கேள்வி: வீடு முழுவதும் போய்விட்டதா, போக வேறு இடம் இருக்கிறதா. இரண்டு வாரம் நடந்ததில் பதினொரு குடும்பம் தேறியது. அதில் சபையார் நான்கு. "காணிக்கை போட்டது நாம, நம்ம ஆளுக்கு நாலுதானா?" என்று ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போதே கேட்டார்கள். பட்டியலைக் கோயில் வாசலிலும் ஹட்டி டீக்கடையிலும் காரணத்தோடு ஒட்டினோம். ஒட்டிய பிறகு முணுமுணுப்புதான் மிச்சம், சண்டை வரவில்லை.

பணம் இன்னொரு பாடம். பாசல் மிஷன் காலத்தில் இங்கே இருந்த ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் செய்தி பார்த்துவிட்டு, பணம் அனுப்புகிறோம், வங்கிக் கணக்கு எண் கொடுங்கள் என்று மெயில் அனுப்பினார்கள். சந்தோஷத்தில் நான் சபைக் கணக்கு எண்ணை டைப் செய்தே விட்டேன். நல்லவேளை, அனுப்புமுன் எங்கள் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "கை வைக்காதீங்க சார்" என்றார். வெளிநாட்டுப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும், அதற்கென்று தனிக் கணக்கு வேண்டும். அன்றைக்கு நடப்பில் இருந்தது 1976ஆம் வருடச் சட்டம். சாதாரண உள்ளூர்ச் சபைக்கு அந்தப் பதிவு இருக்காது. பதிவு உள்ள திருமண்டலம், அதாவது எங்கள் சபைகளுக்கு மேலான அமைப்பு, வழியாகத்தான் வாங்கினோம். கடிதப் போக்குவரத்தில் நான்கு மாதம் போனது. திருமண்டலத்துக்குத் தனி ரசீது, தனி வவுச்சர், தனி அறிக்கை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எரிச்சலாக இருந்தது, ஆனால் பின்னால் ஒருவர் எங்கள் மேல் புகார் எழுதிப்போட்டபோது அந்த வவுச்சர்கள்தான் என்னைக் காப்பாற்றின.

பணம் வந்தது, ஆனால் நிலம் இல்லை. பதினொரு பேரில் பட்டா வைத்திருந்தது மூன்று பேர். மற்றவர்கள் ஓடைப் புறம்போக்கிலும் தேயிலைத் தோட்டத்து ஓரத்திலும் இருந்தவர்கள். பட்டா இருந்த மூவரும் பழைய இடத்தில் திரும்பக் கட்ட முடியாது. வந்து பார்த்த நிலவியல்காரர் ஒருவர் கையில் மண்ணை எடுத்துக் காட்டிச் சொன்னார்: மேலே பல அடி ஆழத்துக்கு உளுத்துப்போன செம்மண், அடியில் பாறை, மழைத்தண்ணீர் இறங்கிப் பாறைமேல் தேங்கினால் மேல்மண் கனத்து, பிடிப்பு விட்டு அப்படியே வழுக்கிவிடும். நாம் வீட்டுக்காக அடிச்சரிவை வெட்டுகிறோம், ஓடையை மறித்துத் தோட்டம் போடுகிறோம். 1978, 79லேயே இந்த மலை சரிந்து எச்சரித்தது. 1993ல் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் பஸ்ஸோடு மனிதர்கள் சரிவில் போனார்கள். அதெல்லாம் தெரிந்தும் ஓடைக்கரையில் ஏன் வீடு கட்டினார்கள் என்று கீழேயிருந்து வந்த ஒரு பார்வையாளர் கேட்டார். வேறு இடம் யார் கொடுத்தார்கள் என்று ஆசிரியை திருப்பிக் கேட்டார். அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அரசிடம் வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு போட்டோம். பதினான்கு மாதம். மனு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் அங்கே உட்கார்ந்திருந்தவர் மாறுதலாகிப் போயிருப்பார். புதியவருக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒரு அலுவலகத்தில் ஃபைலே காணவில்லை என்றார்கள். நான் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருந்ததால் அன்று மாலையே புது ஃபைல் கொடுத்தேன். நகலில் தேதி முத்திரை வாங்கிவைப்பது என் ஃபேக்டரிப் பழக்கம். அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், வீடு இழந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பதும் அங்கே கற்றதுதான். பொருளாளரை நாளைக்கு வா என்று சொல்லிவிடலாம். கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணிடம் அது அவ்வளவு சுலபமில்லை.

எங்கள் பட்டியலில் ஒரு பாட்டி. சிலோனிலிருந்து தாயகம் திரும்பியவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான தோட்டக் குடும்பங்களில் ஒன்று. தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை மட்டும்தான் அவரிடம் இருந்த ஒரே காகிதம், அதுவும் மண்ணோடு போய்விட்டது. ரேஷன் கார்டு மகன் பேரில், மகன் திருப்பூரில். "நான் யாருன்னு காட்ட ஒண்ணுமில்ல தம்பி. மலையே பாத்துச்சு, மலைகிட்ட கேளுங்க" என்று சிரித்தார். பழைய தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் அவர் கைநாட்டு இருந்த பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தது என் ஃபேக்டரி நண்பர். அதன் நகலோடு, பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் சேர்த்துத்தான் அவர் மனு நகர்ந்தது.

மனை கிடைத்தது 2011 தொடக்கத்தில். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. ஜனவரி முதல் மே வரைதான் கட்டட வேலைக்குத் தோதான காலம். ஜனவரியில் உறைபனி வேறு, கான்கிரீட் இறுக நாளாகும். மணல், ஜல்லி எல்லாம் கீழேயிருந்து வர வேண்டும். லாரி நிற்கும் இடத்திலிருந்து மனைக்கு இருநூறு படிக்கு மேல். ஜே.சி.பி. ஏறாது, ஆள்தான் சுமக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் இளைஞர்கள் வரிசையாக நின்று சட்டி மாற்றினார்கள். வீடு பெறுகிறவர்களும் வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வந்தார்கள். கூலி கொடுத்தோம். இலவச உழைப்பு கேட்கலாம் என்ற யோசனை வந்தது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் இழந்தவர் ஒருநாள் கூலியையும் விடுவதா?

எங்கள் பெரிய தவறு தடுப்புச்சுவர். வீட்டுக்குக் காசு சேர்த்தோம், சுவருக்குச் சேர்க்கவில்லை. மேஸ்திரி, "கல்லு வச்சுக் கட்டிடலாம் சார், நிக்கும்" என்றார். தண்ணீர் வடியத் துளை விடவில்லை. மே மாதக் கோடை மழையிலேயே சுவர் வயிறு தள்ளியது. இடித்துத் திரும்பக் கட்ட, கையிலிருந்ததில் இரண்டு வீட்டுக் கூரைக் காசு போனது. இரண்டாம் முறை குழாய்த் துண்டுகளைச் சாய்வாகப் பதித்து, பின்னால் உடைகல் நிரப்பி, மேலே தண்ணீர் திரும்பிப் போக வாய்க்கால் வெட்டினோம். கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மலையில் எஸ்டிமேட் போட்டால் தண்ணீர் போகிற வழியிலிருந்து போடுங்கள், வீடு அப்புறம்.

2012 ஏப்ரலில் சாவி கொடுத்தோம். பெயர்ப்பலகை வேண்டும் என்றார் ஒரு நன்கொடையாளர். கோயில் ஹாலில் ஒரே பலகை வைத்தோம், வீடுகளில் இல்லை. யாராவது தன் வீட்டு வாசலில் தினமும் நன்றி சொல்லிக்கொண்டா நுழைவார்கள்? பட்டா எல்லாம் வீட்டுப் பெண்கள் பேரில். அதற்கும் ஒருவர் வீட்டில் சண்டை நடந்தது, அது தனிக் கதை.

அந்தச் சுவர்த் துளைகளில் எலி வருகிறது என்று வீட்டுக்காரர்கள் துணியை அடைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு செப்டம்பரும் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போய்க் குத்தி எடுக்கிறேன். போன வருடம் பாட்டி வீட்டுத் துளையிலிருந்து வந்தது ஒரு வாயில் சேலை.

"நீங்க குடுத்ததுதான்" என்றார் பாட்டி. "கட்டிக்க முடியல, வேற எதுக்கு ஆகும்?"

டீ போட உள்ளே போனார். நான் அடுத்த துளைக்குக் கம்பியை நகர்த்தினேன்.