கடலூரில் ஒரு சமுதாய வானொலிக்கு அனுமதி பெற்ற அனுபவம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு, கடலூரில் எங்கள் பகுதிக்குப் பல நாட்கள் மின்சாரம் இல்லை. கைபேசிக்கும் சிக்னல் கிடைக்காத அந்த நாட்களில், குடிநீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதைக்கூட ஒருவர் வாய்வழியாக இன்னொருவர் கேட்டறிய வேண்டியிருந்தது. பேட்டரி வானொலியில் நம் ஊர்க் குரல் ஒன்று ஒலித்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தில்தான், மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்களோடு பணியாற்றிவந்த எங்கள் தொண்டு நிறுவனம் பின்னாளில் சமுதாய வானொலிக்கு, அதாவது ஊர் மக்களே தங்களுக்காக நடத்தும் சிறு வானொலி நிலையத்துக்கு, விண்ணப்பித்தது.

2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்த இந்த வாய்ப்பு, 2006-இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பதிவு செய்து மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். கட்சிகளும் மத அமைப்புகளும் விண்ணப்பிக்க இயலாது. அந்த நிபந்தனைகளில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. டெல்லியில் தேர்வுக் குழுவின் முன் விளக்கம் அளித்து, அரசின் முதற்கட்ட இசைவான விருப்பக் கடிதம் பெற்றதும் பாதி வேலை முடிந்தது என்று நம்பினோம். ஆனால், அலைவரிசை ஒதுக்கீட்டுக்கும் கோபுரம் அமையும் இடத்துக்கும் தனித்தனியே ஒப்புதல் தேவை. இரண்டு தாள்களில் எங்கள் மொட்டைமாடியின் அட்சரேகை சில விநாடிகள் வேறுபட்டிருந்ததைக் காட்டி ஓர் அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியது. பிழை எங்களுடையதுதான், எனினும், அதைச் சொல்ல அவர்கள் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டார்கள். விண்ணப்பிக்க இருப்பவர்கள் ஜிபிஎஸ் அளவை ஒரே நாளில், ஒரே கருவியில் எடுத்து, எல்லாத் தாள்களிலும் அதையே எழுதுங்கள்.

இறுதியில் 25,000 ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் கொடுத்து அனுமதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டோம். 100 வாட் திறன், 30 மீட்டருக்கு மிகாத ஆன்டெனா, நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரில் உருவானவை, ஒலிபரப்பிய ஒவ்வொன்றின் பதிவையும் மூன்று மாதம் பாதுகாத்தல் ஆகிய விதிகள் யாவும் நியாயமானவையே. வன்முறையைத் தூண்டாதே, மதங்களைத் தாக்காதே என்னும் அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி நெறிமுறையையும் மனமாரவே ஏற்றோம். செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பக் கூடாது என்ற ஒரு வரிதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்யலாமே தவிர, நாங்களாக ஒரு சொல்லும் சேர்க்க இயலாது.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நாளிதழும் தொலைக்காட்சியும் செய்தி சொல்லும் நாட்டில் தனியார், சமுதாய வானொலிகளுக்கு மட்டும் ஏன் இந்த வாய்ப்பூட்டு என்று கேட்டு, பொதுநல வழக்குகள் தொடுக்கும் காமன் காஸ் அமைப்பு 2013-இல் அதே நீதிமன்றத்தை அணுகியது. அவதூறும் வெறுப்புப் பேச்சும் தண்டிக்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை; பேசிய பிறகு அதற்குச் சட்டம் இருக்கிறது. பேசும் முன்பே ஒரு பொருள் முழுவதையும் விலக்கிவைப்பது அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் பேச்சுரிமைக்குப் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த வரியின் எடை ஒலிபரப்பு தொடங்கிய பிறகுதான் முழுமையாகப் புரிந்தது. மீன்பிடித் தடைக்காலம் பற்றிய உரையாடலில், மீன் விற்கும் அக்கா ஒருவர் கருவாடு காயவைக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "தடைக்காலம் முடியப் போவுது, நிவாரணப் பணம் இன்னும் எங்க தெருவுல பாதிப் பேருக்கு ஏறல, யார்கிட்ட கேக்குறது?" என்றார். ஒலித்தொகுப்புத் திரையில் அந்தப் பகுதி பதினோரு விநாடி. அனுமதி பறிபோனால் மற்ற நிகழ்ச்சிகளும் நின்றுவிடும் என்று அஞ்சி அதை நான்தான் வெட்டினேன். புயல் எச்சரிக்கை, மின்தடை, குடிநீர் பற்றி நிர்வாகம் தரும் அறிவிப்பை நாங்கள் வாசித்தால் அது தகவல். தம் பணத்தைப் பற்றி அந்த அக்கா கேட்டால் அது நடப்பு விவகாரம் ஆகிவிடுமோ என்ற அச்சம்.

ஒலிபரப்பான மறுநாள் அவர் நிலையத்துக்கே வந்துவிட்டார். "கருவாடு வந்துச்சு தம்பி, நான் கேட்டது வரலியே?" என்றார். ஒப்பந்தத்தின் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். பிறகு அவருடைய கேள்வியை மனுவாக எழுதி, அவரோடு சென்று உரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.